பங்கும் குருவும்: தமிழ்ச் சொற்கள் காட்டும் ஓர் உறவு

ஊரின் நடுவே ஒரு கோயில். அதனை அடுத்துக் குருவானவர் உறையும் இல்லம். சுற்றிலும் நூறு அல்லது இருநூறு குடும்பங்கள். கத்தோலிக்கச் சிற்றூர் ஒன்றின் அமைப்பு பெரும்பாலும் இதுவே. மனையறம் பூணாத ஒருவர் வேற்றூரிலிருந்து வந்து இவ்வூரின் குழந்தைகளுக்குப் பெயரிடுகின்றார். மணம் முடித்து வைக்கின்றார். இறந்தோரை அடக்கம் செய்கின்றார். ஊரார் பிறரிடம் சொல்ல அஞ்சுவனவற்றை இவரிடம் சொல்கின்றனர். ஆண்டுகள் சில கழிந்தபின் அவர் வேறோர் ஊருக்குச் செல்ல, இன்னொருவர் அவ்விடத்திற்கு வருகின்றார். உறவினரும் அல்லர், முற்றிலும் அயலாரும் அல்லர் என்னும் நிலையிலுள்ள இம்மனிதருக்கும் ஊருக்கும் இடையேயுள்ள உறவு எத்தகையது? சமயநூலார் இதற்குத் தம் நெறியில் விடை கூறுவர். தமிழ் மொழி இவ்வுறவுக்கு இட்டு வழங்கிய சொற்களை வரலாற்று முறையில் நோக்கி, அவற்றின் வாயிலாக ஒரு விடை காண்பதே நம் கருத்து.

பங்கு என்னும் சொல்

ஒரு குருவின் பொறுப்பில் விடப்பட்ட இறைமக்கள் தொகுதியை இன்று தமிழில் 'பங்கு' என்கிறோம். மேலை மொழிகளில் இதற்கு வழங்கும் சொற்கள் 'பரோய்க்கியா' என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தவை. அயலில் குடியிருத்தல், வேற்று நாட்டில் தங்கி வாழ்தல் என்பன அக்கிரேக்கச் சொல்லின் பொருள்கள். இவ்வுலகில் தாம் நிலையான குடிகள் அல்லர், வழிப்போக்கரே என்ற கருத்துடைய முதற்காலக் கிறித்தவர்க்கு அச்சொல் பொருத்தமாயிற்று.

தமிழ்ச்சொல்லின் பொருள் இதனின் வேறானது. பங்கு என்பது கூறு, உரிமைப் பகுதி. நிலத்திலும் நீரிலும் பொதுச்சொத்திலும் ஒருவனுக்குரிய பாகம் அது. பங்குடையவன் பங்காளி, பங்காளி என்னும் சொல் தாயத்தாரைக் குறிப்பதும் நாம் அறிந்ததே. ஆகவே கிரேக்கச்சொல் நிலையாமையைச் சுட்ட, தமிழ்ச்சொல் உரிமையைச் சுட்டுகின்றது. எவருக்கு எவரிடத்து உரிமை? ஊர் குருவின் பங்கா, குரு ஊரின் பங்கா? சொல் இவ்விரு பொருளுக்கும் இடந்தந்து நிற்கின்றது. இவ்வுறவின் வரலாறு முழுவதும் இவ்விரண்டு பொருள்களுக்கு இடையே நடந்த இழுபறி எனலாம்.

பங்கினை 'விசாரணை' என்றும், அதன் குருவை 'விசாரணைக் குரு' என்றும் வழங்கிய வழக்கும் உண்டு. விசாரித்தல் என்பது இன்று நீதிமன்றத்தை நினைவூட்டும் சொல்லாகிவிட்டது. ஆயினும், நலம் விசாரித்தல் என்னும் வழக்கில் அதன் பழம்பொருள் இன்றும் வாழ்கின்றது. இலத்தீனில் 'கூரா' என்றால் கவனிப்பு, பேணுதல். அதனின்று பிறந்த 'க்யூரே' என்னும் பிரெஞ்சுச் சொல் பங்குக்குருவைக் குறிக்கும். விசாரணை என்ற சொல்லும் அப்பொருளொடு ஒத்து நடப்பதைக் காண்க.

சட்டம் வகுத்த கடமை

இவ்வுறவு வெறும் பழக்கத்தால் அமைந்ததன்று, சட்டத்தாலும் வரையறுக்கப்பட்டது. 1215ஆம் ஆண்டில் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், அறிவு வந்த பருவத்தினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் சொந்தக் குருவிடம் பாவங்களை அறிக்கையிட வேண்டும் என்று விதித்தது. 'சொந்தக் குரு' என்ற தொடர் நோக்கத்தக்கது. எவரேனும் ஒரு குரு என்னாது, தன்னை அறிந்தவரும் தன்னால் அறியப்பட்டவருமாகிய ஒருவரை அச்சட்டம் வேண்டிற்று.

1545 முதல் 1563 வரை நடைபெற்ற திரெந்து நகரப் பொதுச்சங்கம், குருக்கள் தம் பங்கிலேயே உறைதல் வேண்டும் என வற்புறுத்தியது. திருமணங்கள் பங்குக்குருவின் முன்னிலையில், இரண்டு அல்லது மூன்று சாட்சிகள் அறிய நடைபெற வேண்டும் என்றும், அவை பதிவேட்டில் எழுதப்பட வேண்டும் என்றும் 1563இல் விதித்தது. அன்று முதல் பங்கின் பதிவேடு ஊரின் நினைவாகவே ஆயிற்று. மன்னர் வரலாற்றில் இடம்பெறாத எளிய மக்கள் பலருடைய பெயர்கள் எழுத்தில் நிலைத்திருப்பது இப்பதிவேடுகளிலேயே.

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பங்கினை முதற்கண் நம்பிக்கையாளரின் குழுமம் என்றே வரையறுக்கின்றது. அத்தொகுப்பின் 529ஆம் விதி, குரு தம் மக்களை அறிந்துகொள்ள முயல வேண்டும், குடும்பங்களைச் சென்று காண வேண்டும், அவர்தம் துயரங்களில் பங்குகொள்ள வேண்டும், நோயுற்றோரைப் பேண வேண்டும் என்று கூறுகின்றது. 534ஆம் விதி, ஞாயிறுதோறும் கடன் திருநாள்தோறும் தம் மக்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பது அவர்தம் கடமை என்கிறது. மக்கள் குருவுக்குக் கடமைப்பட்டவர் என்பதைவிடக் குரு மக்களுக்குக் கடமைப்பட்டவர் என்பதையே இவ்விதிகள் மிகுதியாகப் பேசுகின்றன.

பாதிரி, சுவாமி, தந்தை

இனி, தமிழ்மக்கள் குருவை அழைத்த பெயர்களைக் காண்போம். பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்தோர் போர்த்துகீசியர். அவர் மொழியில் 'பாத்ரே' என்பது தந்தை என்று பொருள்படும்; அதுவே 'பாதிரி' எனத் தமிழில் புகுந்தது. ஆனால், புகுந்த சொல் தன் பொருளை வாயிலிலேயே விட்டுவந்தது. கேட்ட தமிழர்க்கு அது வெளிநாட்டுச் சமயத்தார் ஒருவரின் பதவிப்பெயராகவே ஒலித்தது. தந்தை என்னும் உணர்வை எழுப்பவில்லை.

அக்காலத்தே அண்டிரிக் அடிகளார் என நாம் அறியும் என்றிக்கே என்றிக்கசு 1546இல் இந்தியா வந்து, 1600இல் மறையும்வரை தம் வாழ்நாளின் பெரும்பகுதியை முத்துக்குளித்துறையிலேயே கழித்தார். அவர் உருவாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்கள் கொண்ட சிறுநூல். 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சாகி முடிந்தது. அச்சுப் பணிக்குப் பரதவ மக்கள் பொருளுதவி புரிந்தனர். 1580இல் கொச்சியில் வெளிவந்த அவர் நூல், பாவ அறிக்கை செய்வோர்க்கு வழிகாட்டுவது. தமிழ் அச்சேறிய முதல் மூன்றாண்டுகளுக்குள்ளேயே, குருவும் பங்குமகனும் தனித்துப் பேசும் பேச்சுக்கென ஒரு நூல் அச்சாயிற்று என்பது எண்ணத்தக்கது. அந்நூலின் பெயரும் போர்த்துகீசியச் சொல்லே. உறவு தோன்றிவிட்டது, அதற்குரிய தமிழ்ச்சொல் இன்னும் தோன்றவில்லை.

1606இல் மதுரை வந்த இராபர்ட்டு தெ நொபிலி, தத்துவ போதகர் என்னும் பெயர் பூண்டு, துறவிக் கோலத்தில் வாழ்ந்தார். அவர் காலந்தொட்டுக் குரு, கோயில், பூசை, ஞானஸ்நானம், பாவசங்கீர்த்தனம் முதலிய சொற்கள் கத்தோலிக்க வழக்கில் வேரூன்றின. பாதிரி 'சுவாமி' ஆனார். பேச்சில் 'சாமி' ஆனார். இம்மாற்றம் ஒலிமாற்றம் மட்டும் அன்று. பாதிரி என்ற பெயர் அவரை அயலாராகக் காட்டிற்று. சுவாமி என்ற பெயர் தமிழ்நாட்டுத் துறவியர் வரிசையில் வைத்தது. அருளானந்தர், வீரமாமுனிவர் என்னும் பெயர்களும் இவ்வழி வந்தனவே. ஆயினும் இதில் ஓர் இழப்பும் உண்டு. சுவாமி என்பது தலைவன், உடையவன் என்னும் பொருளது. தலைவன் எனின் எதிரே நிற்போர் அடியராதல் வேண்டும். நெருக்கம் வந்தது, அதனோடு உயரமும் வந்தது.

இன்று எழுத்தில் 'அருட்தந்தை' என்றும் 'பங்குத்தந்தை' என்றும் குறிக்கின்றோம். பேச்சில் 'ஃபாதர்' என்கின்றனர். 'பாத்ரே' என்று வந்த சொல்லின் பொருள் நானூறு ஆண்டுகள் கழித்தே தமிழில் வெளிப்பட்டது. அயலார், தலைவர், தந்தை என இப்பெயர்கள் மூன்று படிகளைக் காட்டுகின்றன. ஆனால், பழைய படிகள் முற்றும் மறையவில்லை. முதியோர் பலர் இன்றும் 'சாமி' என்றே அழைப்பதை ஊர்ப்புறங்களில் கேட்கின்றோம்.

தொலைவிலிருந்த குரு, அண்மையிலிருந்த வேதியர்

குரு தம் பங்கில் உறைய வேண்டும் எனத் திரெந்து விதித்தது என்றோம். தமிழ்நாட்டில் பன்னெடுங்காலம் இவ்விதி நிறைவேற இயலாததாயிற்று. குருக்கள் மிகச் சிலர், ஊர்களோ பல, இடையே ஆறும் காடும் போரும். ஓர் ஊர் தன் குருவை ஆண்டில் சில நாளே கண்டது. அந்நிலையில் உறவு எவ்வாறு நிலைத்தது?

இதற்கு விடையாய் அமைந்தவர் இடைநின்ற எளிய மனிதர். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், ஊர்தோறும் செபங்களைக் கற்பிக்க உள்ளூராரை அமர்த்தினார். அவர்கள் கணக்கப்பிள்ளை எனப்பட்டனர். பிற்காலத்தில் உபதேசியார், கோயிற்பிள்ளை, வேதியர் எனப் பல பெயர்களில் இத்தகையோர் பணிபுரிந்தனர். செபம் சொல்லிக்கொடுத்தல், சாகுந்தறுவாயில் இருந்த குழந்தைக்குத் திருமுழுக்களித்தல், இறந்தோரை அடக்குதல், குரு வரும்போது ஊரின் செய்திகளை எடுத்துரைத்தல் ஆகிய யாவும் இவர் கடமைகளாயின. குருவின் கண்ணும் வாயும் இவர்களே.

இத்தாலியில் காசுதில்யோனே என்னும் ஊரில் 1680இல் பிறந்து, 1710இல் கோவாவை அடைந்து, பின் மதுரைப் பகுதிக்கு வந்த வீரமாமுனிவர் இதனை நன்கு உணர்ந்திருந்தார். கொள்ளிடத்தின் வடபாலுள்ள ஏலாக்குறிச்சியில் அவர் பல ஆண்டுகள் பணிபுரிந்தார். அவ்வூரைத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, அதன்மேல் ஒரு கலம்பகமும் பாடினார். கலம்பகம் இறைவனையும் அரசனையும் அவர்தம் ஊர்களையும் சிறப்பித்தற்கு உரிய சிற்றிலக்கியம். சிறு பங்கு ஒன்று அத்தகைய இலக்கியத்துக்குப் பாட்டுடைத் தலமானது, குருவானவர் தம் ஊரை எத்துணை மதித்தார் என்பதற்குச் சான்று. 3615 பாடல்கள் கொண்ட 'தேம்பாவணி' புலவர்க்கென அமைந்தது. 'கித்தேரி அம்மாள் அம்மானை' எளிய மக்களும் பாடி மகிழ்தற்கு ஏற்றது.

வேதியர்களுக்கென அவர் உரைநடையில் எழுதிய நூல் 'வேதியர் ஒழுக்கம்'. 1727ஆம் ஆண்டை ஒட்டித் தோன்றிய இந்நூல், தமிழ் உரைநடை வரலாற்றில் ஒரு மைல்கல்லாகப் போற்றப்படுவது. இதன் தோற்றத்துக்குரிய காரணம் நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. எல்லா ஊர்க்கும் தாமே செல்ல முடியாத குரு, தம் சொல்லை ஏட்டில் எழுதி அனுப்புகின்றார். நேரில் நின்று பேசுவதுபோல அவ்வேடு பேசல் வேண்டும். செய்யுள் அதற்கு உதவாது. தொலைவு ஏற்பட்டதனாலேயே உரைநடை தேவைப்பட்டது என நாம் கருதுகின்றோம். தமிழ் உரைநடையின் வளர்ச்சிக்கு அச்சும் பள்ளியும் காரணம் என்பர். அவற்றோடு, காண இயலாத மக்கள்மேல் ஒரு குரு கொண்ட கவலையையும் சேர்த்து எண்ணல் வேண்டும். மூடக் குரு ஒருவரையும் அவர்தம் சீடரையும் நகைத்து 'பரமார்த்த குருவின் கதை' எழுதியவரும் இவரே. குரு என்னும் பெயர் மட்டும் ஒருவர்க்குப் பெருமை தந்துவிடாது என்பதை அறிந்தவர் அவர்.

குரு அறவே இல்லாத நிலை யாழ்ப்பாணத்தில் ஏற்பட்டது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். 1687இல் கோவாவினரான யோசேப்பு வாசு அடிகள் இரவலர் கோலத்தில் அங்கு வந்து சேர்ந்தார். செபமாலையைக் கழுத்திலணிந்து வீடுவீடாக இரந்து, அதனைக் கண்டு முகமலர்ந்தோர் யார் எனத் தேடியே தம் மக்களைக் கண்டறிந்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருவின்றி இருந்தும் பங்கு அழியவில்லை. குரு பங்கினைத் தோற்றுவிக்கின்றார் என்பது பொதுவான எண்ணம். யாழ்ப்பாணத்திலோ பங்கு தன் குருவுக்காகக் காத்திருந்தது. வாசு அடிகள் 1711இல் மறைந்தார். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் கொழும்பில் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

ஆர்சு என்னும் சிற்றூர்

ஒப்பீட்டுக்கு மேலை நாட்டுச் சிற்றூர் ஒன்றனையும் நோக்குவது பயன்தரும். 1818இல் பிரான்சு நாட்டின் ஆர்சு என்னும் ஊருக்குச் சான் மரி வியான்னி குருவாக அனுப்பப்பட்டார். அன்று அவ்வூரில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 230 பேரே. இலத்தீன் கற்பதில் பெரிதும் இடர்ப்பட்டவர் அவர். சிற்றூரே அவர்க்குப் போதும் என்பது மேலோர் எண்ணம் போலும். அவர் மதுக்கடைகளையும் ஆடல் களியாட்டங்களையும் ஞாயிறு வேலையையும் கடிந்தார். அதனால் சிலர் வெறுப்புக்கும் ஆளானார். பெண்குழந்தைகளுக்கென 1824இல் ஒரு பள்ளி தொடங்கினார். காலப்போக்கில் அவரிடம் பாவ அறிக்கை செய்ய நாடெங்கிலுமிருந்து மக்கள் திரண்டனர். நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் வரையும் அவர் அவ்விருக்கையில் அமர்ந்திருந்தார்.

அவர் வாழ்க்கையில் நம் ஆய்வுக்கு உரிய நிகழ்ச்சி வேறொன்று. இப்பொறுப்புக்குத் தாம் தகுதியற்றவர் என்று எண்ணி, தனிமையை நாடி, அவர் ஊரைவிட்டு நீங்க ஒருமுறைக்கு மேல் முயன்றார். 1843இல் தாம் பிறந்த ஊருக்கே சென்றுவிட்டார், மக்கள் அங்கும் தொடர்ந்தனர், அவர் திரும்பினார். 1853இல் இரவில் புறப்பட்டபோது கோயில்மணி ஒலிக்க, ஊரார் வழிமறித்தனர். 41 ஆண்டுகள் பணிபுரிந்து 1859இல் அவ்வூரிலேயே மறைந்தார். 1929இல் பங்குக்குருக்களின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டார். ஊர் குருவின் பங்கா, குரு ஊரின் பங்கா என்று முன்னர் வினவினோம். வழிமறித்த அம்மக்கள் அவ்வினாவுக்குத் தம் விடையைச் செயலால் தந்தனர்.

அறிந்தும் அறியாதார்

சிறு பங்கில் இவ்வுறவுக்குத் தனியானதோர் இடர் உண்டு. பேரூரில் பாவ அறிக்கை செய்பவர் முகம் தெரியாதவராய் வந்து போகலாம். சிற்றூரிலோ திரைக்கு அப்பால் ஒலிக்கும் குரல் எவருடையது என்பதைக் குரு அறிவார். நெல் திருடியவரும் நெல்லை இழந்தவரும் அடுத்தடுத்து வந்து முழந்தாளிடலாம். மறுநாள் அவ்விருவரின் வழக்கே அவர்முன் வரலாம். கேட்டதனைச் சொல்லாலோ குறிப்பாலோ வெளியிடலாகாது என்று 983ஆம் விதி தடுக்கின்றது. கேட்டதனைக் கொண்டு, அறிக்கை செய்தவர்க்குத் தீங்கு வருமாறு நடத்தலும், நிர்வாகத்துக்கு அதனைப் பயன்படுத்தலும் கூடா என்று 984ஆம் விதி மேலும் தடுக்கின்றது. ஆகவே ஊரில் மிகுதியாக அறிந்தவரே, அறிந்ததனைச் சிறிதும் பயன்படுத்தவியலாதவராகவும் வாழ்கின்றார். குருவின் தனிமைக்கு மணமின்மையே காரணம் என்பர் பலர். இம்மௌனமும் அதற்கொப்ப ஒரு காரணம் எனத் தோன்றுகின்றது. மக்கள் அவரிடத்து வைக்கும் நம்பிக்கை இம்மௌனத்தின்மீதே நிற்கின்றது. அது சிதையுமாயின் பங்கு என்பது வெறும் எல்லைக்கோடாகிவிடும்.

பங்கினுள் பங்குகள்

ஒரு குறையையும் மறையாது கூறுதல் ஆய்வுநெறி. பங்கு என்னும் சொல்லுக்குக் கூறுபடுத்தல் என்னும் பொருளும் உண்டு. அப்பொருளும் தமிழ்நாட்டில் மெய்யாயிற்று. மதுரைப் பணித்தளத்தில் உயர்ந்தோர் எனப்பட்டார்க்குச் சந்நியாசக் கோலத்தாரும், தாழ்த்தப்பட்டார்க்கு 1640 முதல் பண்டாரசுவாமிகள் எனப்பட்டோரும் தனித்தனியே பணிபுரிந்தனர். சாதியைக் கடவாது சமயத்தைப் பரப்ப முயன்றதன் விளைவு இது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் கோயிலினுள்ளேயே மக்களைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. அது 1910இல் இடிக்கப்பட்டது. அதனையொட்டி எழுந்த வழக்குச் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. கல்லறையிலும் தேரோட்டத்திலும் இப்பிரிவு பல ஊர்களில் இன்னும் தலைகாட்டுகின்றது. குரு ஒருவர் ஊரார் அனைவர்க்கும் தந்தை என்னும் பெயரை மெய்ப்பிக்கின்றாரா என்பதற்கு இதுவே கடுஞ்சோதனை. ஒரு சாராரோடு இணங்கிப் போதல் எளிது. அப்போது அவர் பங்குத்தந்தை ஆகார், பங்காளிகளுள் ஒருவரே ஆவார்.

காணுதலும் பங்கேற்றலும்

இறுதியாக ஒரு சொல்மாற்றத்தைக் கூறி அமைவோம். முன்னாளில் மக்கள் 'பூசை காண' கோயிலுக்குச் சென்றனர். பூசை இலத்தீனில் நடந்தது. குரு பீடத்தை நோக்கி நின்றார். மக்கள் அவர் பின்னே தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தனர். ஒரே கூரையின்கீழ் இரு மொழிகளில் இரு வழிபாடுகள் நடந்தன என்பது மிகையன்று. இந்நிலையில் 'காணுதல்' என்ற வினை முற்றும் பொருத்தமானதே.

1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், 1963ஆம் ஆண்டு திசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட வழிபாடு பற்றிய ஏட்டில் தாய்மொழிக்கு வழிதிறந்தது. தமிழ் பீடத்தில் ஏறியது. குரு மக்கள் முகம் நோக்கினார். பூசை திருப்பலி ஆயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு என்னும் பெயர் பெற்றது. காணுதல் என்ற வினை நீங்கிப் 'பங்கேற்றல்' என்ற வினை அவ்விடத்துக்கு வந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 537ஆம் விதி, ஒவ்வொரு பங்கிலும் பொருளாட்சியில் குருவுக்குத் துணைபுரிய மக்கள் அடங்கிய குழு அமைதல் வேண்டும் என்கிறது. வழிபாட்டில் வந்த பங்கேற்பு வரவுசெலவிலும் வருதல் வேண்டும் என்பதே இதன் கருத்து. சில ஊர்களில் இது நன்கு நடைபெறுகின்றது. வேறு சில ஊர்களில் பெயரளவிலேயே நிற்கின்றது.

மேற்கூறியவற்றால், பங்கு என்னும் தமிழ்ச்சொல் தன்னுள் அடக்கியிருந்த பொருள் வரலாற்றில் படிப்படியாக விரிந்தமை புலனாகும். குரு மக்களுக்கு உரியர் என்பதை ஆர்சு காட்டிற்று. மக்கள் குருவின்றியும் பங்காக நிற்றல் கூடும் என்பதை யாழ்ப்பாணம் காட்டிற்று. இருவரையும் இணைத்த வேதியரின் பணியைத் திருக்காவலூர் காட்டிற்று. குருக்கள் குறைந்து, ஒருவரே பல ஊர்களைக் கவனிக்கும் நிலை இன்று உலகின் பல பகுதிகளில் மீண்டும் தோன்றியுள்ளது. 526ஆம் விதியும், குருக்கள் குறைவான இடத்து, ஒருவரிடம் அண்டையிலுள்ள பல பங்குகளை ஒப்படைத்தற்கு இடந்தருகின்றது. இந்நிலையில் உபதேசியார், கோயிற்பிள்ளை, வேதியர் என்னும் பழஞ்சொற்களின் வரலாறு ஏட்டளவில் நிற்பதன்று. அவர்தம் ஊர்ப்பணி முழுமையாக எழுதப்பெறின், தமிழ் உரைநடையின் வரலாற்றிலும் தமிழ்ச் சிற்றூர்களின் வரலாற்றிலும் பல பக்கங்கள் தெளிவுபெறும். அப்பணியை இளைய ஆய்வாளர் மேற்கொள்வாராக.